உன் நைனாவின் எழுத்துச் சீட்டு உனக்கு ஆகாது

மகனே,

பொன்னேரி வண்டிக்காரர் உன் சேதியை வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு, மாடுகளை அவிழ்த்து ஏரிக்கரைப் பக்கம் ஓட்டிப் போயிருக்கிறார். நாளை மறுநாள் காலையில் கிளம்புவாராம். அதற்குள் இதை எழுதி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நீ சுகமாக இருக்கிறாய், உன் பெண்டாட்டிக்கு மசக்கை தெளிந்து இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றெல்லாம் கேட்டு மனம் குளிர்ந்தது. அதற்கப்புறம் சொன்ன இரண்டு சேதிகளைக் கேட்டுத்தான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் இருக்கிறேன். "உங்க புள்ள தை பொறந்ததும் இங்கயே குடி வர்றாராம்மா. கோட்டை வாசலாண்ட பந்தல் போட்டு கூலிக்கு எழுதப் போறாராம். நைனாவோட சீட்டு பொட்டியில கீதில்ல, அத்த தூசி தட்டி எடுத்து வைன்னு சொல்லச் சொன்னாரு" என்றார். இது முதல் சேதி. தெற்குக் குப்பத்து ஆட்கள் பொன்னேரிச் சந்தையில் உன்னைப் பிடித்து, முகத்துவாரத்தில் வலை கட்டுகிற பாடு பற்றிய வழக்குக்காகக் கோட்டையில் கொடுக்க ஒரு மனு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள், நீயும் சரி என்றுவிட்டாய் என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அது வண்டிக்காரரிடம் வாய்ச்சேதியாகச் சொல்லி அனுப்பக்கூடியது இல்லை. நேரில் சொன்னாலோ பாதியில் அழுதுவிடுவேன். நீ என்னைத் தேற்றுகிற மும்முரத்தில் விஷயத்தை விட்டுவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். யார் முன்னாலும் வாசிக்கலாம். யார் முன்னால் வாசிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் நானே சொல்கிறேன்.

மார்கழி வெயில் ஏரியின்மேல் பாலாடை மாதிரி படிந்திருக்கிறது. தூரத்தில் பூநாரைகள் நிற்கின்றன. தண்ணீரில் நிற்கின்றனவா, வெளிச்சத்தில் நிற்கின்றனவா என்று இந்த நேரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. அலையும் இல்லை, காற்றும் இல்லை, தோணிகள் இருக்கிற இடத்திலேயே தூங்குகின்றன. இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கு வருடங்கள் குழம்பிப் போகும். முன்பந்தலில் உன் நைனா செருமுவது கேட்கும். எழுதுகிற இறகைச் சீவுகிற சத்தம் கேட்கும். "ஏய், மை காஞ்சிப்போச்சு பாரு" என்று என்னைக் கூப்பிடுவது கேட்கும். எழுந்து போய்ப் பார்க்க மாட்டேன். போய்ப் பார்த்தால் பந்தலில் ஒன்றும் இருக்காது, கோழிதான் மேயும்.

முதலில் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது வீடும் தோணியும் போல அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிற சொத்து இல்லை. ஓர் ஆளுக்கு, அவர் கைக்கு, ஒரு வருடத்துக்குக் கொடுப்பது. தன் கையால் எழுதி, எழுதியதைத் தன் வாயால் சம்பந்தப்பட்டவர்களுக்கு வாசித்துக் காட்டி, அதற்குக் கூலி வாங்கலாம் என்றுதான் அதில் இருக்கிறது. வருடா வருடம் தை மாதத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். உன் நைனா வேலையை விட்ட அன்றே அது செத்துப்போன காகிதம். நீ கோட்டைக்குள் போய், அங்கே இருக்கிற எழுத்துக்காரர் சொல்லச் சொல்ல எழுதிக் காட்டி, உனக்காக இரண்டு பேரைப் பிணை நிறுத்தி, உன் பேரில் வாங்கு. உன் நைனா அந்தப் பரீட்சைக்குப் போன அன்று கை பட்டு மைக்கூட்டை ஒல்லாந்துக்காரத் துரையின் மேசைமேலேயே கவிழ்த்துவிட்டார். துரை சிரித்துவிட்டாராம். அவர் பேச்சை மொழிபெயர்க்கிற துபாஷி மட்டும் மை தெறித்த தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டே முறைத்தாராம். அப்படியும் சீட்டு கிடைத்தது. அவர் எழுத்து அவ்வளவு அழகு, முருங்கைக்கீரை உதிர்த்ததுபோலப் பொடிப்பொடியாக, ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கும். நீ வாங்கும்போது, அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எதை எழுதக் கூடாது என்பதையும் மறக்காமல் கேள். கடிதமும் மனுவும் உடன்படிக்கையும் எழுதலாம். வீடு, நிலம் விற்கிற பத்திரத்துக்கு வேறு சீட்டு வேண்டும். அது தெரியாமல் கைவைத்து மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பந்தலை எங்கே போடுகிறாய் என்பதையும் லேசாக நினைக்காதே. கல்யாணமான புதிதில் உன் நைனா நிழலைப் பார்த்து ஒரு பூவரச மரத்தடியில் பாயை விரித்தார். மரம் கோட்டை எல்லைக்குள் இருந்தது, நிழல் காலையில் உள்ளேயும் பிறகு எல்லைக்கு வெளியேயும் விழுந்தது. காலையில் கோட்டை ஆள் வந்து தொழில்வரி கேட்டான். மத்தியானம் நிழல் நகர, பாயும் நகர, நாட்டுப்பக்கத்து வரிக்காரன் வந்து அவன் பங்குக்குக் கேட்டான். இவர் இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "நெழலுக்குக் கூட வரி போடுறானுங்கடி" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் நானே போய் எல்லைக்கல்லைப் பார்த்து, பாயைப் பத்தடி உள்ளே தள்ளிப் போட்டேன். நீ பாயை விரிப்பதற்கு முன்னால் அந்த மண் யாருடையது, வரி யாருக்கு என்று கேட்டுக்கொள்.

வரி என்றால் கைக்கு வருகிற காசுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே. நம்மிடம் எழுதிக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் காசு கொடுக்க மாட்டார்கள். ஏரியில் கைபோட்டுப் பிடித்த நண்டு கொடுப்பார்கள், இறால் கொடுப்பார்கள். அதுவும் கூலிதான். முதல் வருடம் இவர் நண்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. குழம்பில் போனதற்கு என்ன கணக்கு என்று இருந்துவிட்டார். வரிக்காரன் வந்து உட்கார்ந்து, "நல்லாத்தான் ஒடம்பு தேறிக் கீது, இன்னா துன்றீங்க?" என்று கேட்க, இவர் வெள்ளந்தியாக, "நண்டுதான், தெனமும் நண்டு" என்றார். அன்றைக்கு அவன் எங்கள் வீட்டு நண்டுக்குப் போட்ட விலையில் ஒரு யானையே வாங்கலாம். அதிலிருந்து, யார் எதைக் கொடுத்தாலும் அன்றைக்கே அதன் பெறுமானத்தை எழுதி வைத்து, வரிக்கு உண்டானதைத் தனி முடிச்சாக முடிந்து வைத்துவிடுவேன். நீயும் அன்றைக்கே எடுத்து வை. மாசக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முடிச்சு காலியாகத்தான் இருக்கும். முத்திரைத் தாளின் விலையையும் உன் கூலியோடு கலந்து சொல்லாதே. உடன்படிக்கை எழுதினால் கோட்டை முத்திரை விழுந்த தாளில்தான் எழுத வேண்டும், அந்தத் தாளுக்குத் தனியாகக் காசு. அது எழுதிக்கொள்கிறவர்கள் கொடுக்க வேண்டியது. எத்தனை தாள் ஆகும் என்று முதலிலேயே எண்ணிச் சொல். மகனே, இந்த ஒன்றை மட்டும் இரண்டு தரம் படி. எத்தனை தாள் ஆகும் என்று முதலிலேயே எண்ணிச் சொல்.

இனிமேல்தான் நான் சொல்லத் தயங்கியது வருகிறது. உன் நைனா கண்ணில் புரை விழுந்து வேலையை விட்டார் என்றுதான் உனக்குத் தெரியும். அவருக்குப் பார்வை போனது வேலையை விடுவதற்கு மூன்று வருடம் முன்பே. ஒரு காலையில் வெளியே போய் நின்று, "இன்னா இன்னிக்கு பனி கலையவே மாட்டேங்குது" என்றார். பனியே இல்லை. வெயிலில் கண் கூசிக்கொண்டிருந்தது. நான் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். பார்வை போனதைச் சொன்னால் சீட்டு போய்விடும். சீட்டு போனால் சோறு போய்விடும். எனக்கு எழுதத் தெரியும், என் அப்பா கற்றுக் கொடுத்தது. ஆனால் சீட்டில் இருப்பது என் கை இல்லையே. அதனால் இருவரும் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் பந்தலில் உட்கார்ந்து வந்தவர்கள் சொல்வதையெல்லாம் கேட்பார். "உள்ள போய் அமைதியா எழுதி எடுத்தாறேன்" என்று தாளோடு எழுந்து வருவார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பிறகு அவர் வெளியே போய், தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, மனத்தில் இருப்பதை முழுக்க வாசிப்பார். ஒரு சொல் பிசகாது. ஒரு தடவை தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கணீரென்று வாசித்தார். எழுதிக்கொள்ள வந்தவருக்கும் எழுத்து தெரியாததால் பிழைத்தோம். அப்புறம் தாளின் மேல்மூலையில் நகத்தால் கீறி அடையாளம் வைத்துக் கொடுத்தேன்.

உன்னை ஐந்து வயதில் பொன்னேரிக்கு உன் மாமா வீட்டுக்கு அனுப்பியது படிப்புக்காக என்று இத்தனை நாளும் சொல்லி வந்தேன். படிப்பு பாதிக் காரணம்தான். வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்கிற குழந்தை வெளியே சொல்லாமல் இருக்குமா? உன் வாய்க்குப் பயந்து உன்னை அனுப்பினேன். வண்டி திருப்பாலைவனம் சாலையில் திரும்புகிறவரை நீ திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாய். அதைச் செய்திருக்கக் கூடாது. இவ்வளவு வருடம் கழித்துச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள், கோபித்துக்கொண்டாலும் மேலே படி.

அந்த மூன்று வருடமும் எனக்கு ஒரே நாள் மாதிரிதான் இருக்கிறது. உள்ளறையில் கூரை ஓடு ஒன்றை எடுத்து வைத்த இடத்திலிருந்து ஒரு சதுரம் வெளிச்சம் விழும். அதற்குள் தாளை வைத்துக்கொண்டு நான். பக்கத்தில் அவர், கண்ணை மூடிக்கொண்டு, தூக்கத்தில் பேசுவது போல மெதுவாகச் சொல்லிக்கொண்டு. யார் யாருடைய துக்கமோ, தோணி விலையோ, கப்பலேறிப் போன மகனுக்கு அம்மா சொல்கிற சேதியோ அவர் வாய் வழியாக வந்து என் கைக்குள் போகும். நடுவில் நிறுத்தி, "வெளிச்சம் எங்க வந்துக்குது?" என்று கேட்பார். "உங்க முட்டிக்கு வந்திருக்கு" என்பேன். சந்தோஷமாக இருந்தோம். அதையும் மறைக்கக் கூடாது.

அந்த நாட்களில்தான் வடக்குக் குப்பத்தாரும் தெற்குக் குப்பத்தாரும் எழுதிக்கொள்ள வந்தார்கள். ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் இறால் ஓடும்போது, எந்தக் குப்பம் எப்போது அங்கே வலை கட்டுவது என்கிற முறைக்குத்தான் பாடு என்று பேர், உனக்குத் தெரியும். கார்த்திகை அமாவாசையிலிருந்து ஒரு மாதம் வடக்கு, அடுத்த மாதம் தெற்கு, அதோடு ஓட்டம் முடிந்துவிடும். இதைப் பெரியவர்கள் வாய்ச்சொல்லாகவே வைத்திருந்தார்கள். ஒரு வருடம் கைகலப்பு வந்ததால் எழுதி வைத்துவிடலாம் என்று இரண்டு குப்பமும் வந்தது. உன் நைனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு தாள் போதும்" என்று சொல்லிவிட்டார். அவர் கையெழுத்துக்கு ஒரு தாள் போதும்தான். எழுதியது என் கை. அவர் எழுத்தைப் பார்த்து அதே போல எழுத வேண்டும் என்று நிதானமாக எழுதியும், என் எழுத்து பருமனாகத்தான் வந்தது. கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது தாளில் இடம் இல்லை. இன்னொரு முத்திரைத் தாள் வேண்டும் என்று வெளியே போய்க் கேட்டால், போதும் என்றவருக்கு ஏன் போதவில்லை என்று கேட்பார்கள். உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. எல்லாருக்கும் தெரிந்த முறைதானே, தாளில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். அவரிடமும் சொல்லவில்லை. அவர் வெளியே போய் அந்த வாக்கியத்தையும் சேர்த்து வாசித்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். தாளில் இல்லாத ஒன்று தாளிலிருந்து கணீரென்று வந்துகொண்டிருந்தது. எல்லாரும் தலையாட்டி, கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் போட்டார்கள். அன்றைக்குப் பிறகு எனக்குக் கை ஓடவில்லை. நான் இனி எழுத மாட்டேன் என்று பிடிவாதமாக நின்ற பிறகுதான் அவர் கண் போனதை ஊருக்குச் சொல்லி வேலையை விட்டார். நான் ஏன் நின்றேன் என்று கடைசிவரை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த வருடம் மழை பிந்திவிட்டது. வடக்குக் குப்பத்து மாதம் முழுக்க முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தது. நான்கு நாளைக்கு முன்னால்தான் உடைத்துக்கொண்டு திறந்தது, தெற்குக் குப்பத்து முறை தொடங்கிய பிறகு. வடக்கு ஆட்கள் தங்களுக்கு இழந்த நாள் உண்டு என்று வலைக்கம்பு நடப் போனார்கள். தெற்கு ஆட்கள் தாளைக் காட்டி, அப்படி ஒன்றும் இதில் இல்லை என்று தடுத்துவிட்டார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் கோட்டையில் விசாரணை. நீ எழுதச் சம்மதித்த மனு அதற்குத்தான். நேற்று வடக்குக் குப்பத்துப் பெரியதனக்காரர் முனியன் இங்கே வந்து, வெறுங்கையோடு வருகிறோமே என்ற கூச்சத்தோடு வாசலில் நின்றார். "அக்கா, அண்ணன் வாசிச்சப்போ இருந்துச்சு. நானே ரெண்டு காதாலயும் கேட்டேன். இப்போ தாள்ல இல்லைன்றானுங்க. எழுத்து எங்கக்கா போவும்?" என்று கேட்டார். நான், "எனக்கு இன்னா தெரியும்பா, நான் அடுப்பங்கரையில கெடந்தவ" என்றேன். அவர் என் வார்த்தையை நம்பி, கும்பிட்டுவிட்டுப் போனார். இந்த மாதம் இறால் இல்லையென்றால் அந்த வீடுகளில் அடுத்த மழைவரை அடுப்பு எரியாது. பசி வந்த வருடங்களில் இந்தக் கரையிலிருந்து யார் யார் தங்களையே விற்றுக் கப்பலேறினார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக் கடிதங்களை எழுதியவளே நான்தான்.

ஆகவே தெற்குக் குப்பத்துக்கு எழுத மாட்டேன் என்று சொல்லிவிடு. அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. தாளை நம்புகிறார்கள், அவ்வளவுதான். பௌர்ணமிக்குள் கிளம்பி வா. நான் முனியன் வீட்டுக்கு இன்றைக்கே போய் உண்மையைச் சொல்லப் போகிறேன், விசாரணையிலும் வந்து நிற்பேன். அங்கே பெண்பிள்ளை பேச்சை எடுக்க மாட்டோம் என்றால், இந்தக் கடிதத்தை நீ வாசி. மூன்று வருடம் கோட்டையை ஏமாற்றியதற்கு என்ன தண்டம் போட்டாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன், இந்த வீட்டை விற்றால் கட்டிவிடலாம். உன் நைனா எழுதியதாக ஊரில் இருக்கிற தாளையெல்லாம் சந்தேகப்படுவார்கள். உனக்குச் சீட்டு கொடுக்க யோசிப்பார்கள், கொடுக்காமலும் போகலாம். அதற்கு நான்தான் காரணம். ஒன்று மட்டும் அங்கே உரக்கச் சொல். அன்று வாசித்தவர் பொய் வாசிக்கவில்லை. கேட்டவர்களும் தப்பாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் குறைத்து எழுதியது என் அம்மா என்று சொல்.

அவர் சொல்லி, நான் எழுதாமல் விட்டது இதுதான். அவர் சொன்ன சொற்களிலேயே, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்:

ஒரு குப்பத்தார் முறையிலே முகத்துவாரம் மண்மூடிப் போனால், மூடிக் கிடந்த நாள் அத்தனையும் வாய் திறந்த அன்று முதல் அந்தக் குப்பத்தாருக்கே சேரும். அந்த நாள் கழியும்வரைக்கும் மற்றவர் வலை கரையிலே இருக்கக் கடவது.